வேண்டுமென்றே செய்கிறாரா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

அன்றாடச் செயல்களில் பெரும்பகுதி நம் கவனத்துக்கே வராமல் மூளையின் ஆழத்தில் நடந்து முடிந்துவிடுகிறது என்று பழக்கத்தைப் பற்றிய கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து உங்களிடம் இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அப்பாவுக்கு 69 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். மருத்துவர் எழுந்து நடக்கச் சொன்னால் நன்றாகவே நடந்து காட்டுகிறார். வீட்டில் குளியலறை வாசலுக்கு வந்ததும் கால் எழாமல் ஐந்து நிமிடம் அப்படியே நிற்கிறார். அதே மனிதர் காலையில் வாசலில் போட்ட கோலத்தை மிதிக்காமல் அழகாகத் தாண்டிப் போகிறார். “என்னைப் படுத்தணும்னே பண்றார்” என்று அம்மா அழுகிறார். பேத்தி பள்ளியில் வாங்கிய பரிசைக் கொண்டுவந்து காட்டியபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்புகூட வரவில்லை. பைசா பைசாவாகக் கணக்கு எழுதி வாழ்ந்தவர், கடந்த ஓராண்டாக நள்ளிரவில் கைப்பேசியில் கைக்கடிகாரமும் டார்ச் விளக்குமாக வாங்கிக் குவிக்கிறார். கேட்டால் மறைக்கிறார்.

இதில் எது நோய், எது அவர் வேண்டுமென்றே செய்வது? எல்லாமே மூளைதான் என்றால், அப்பா என்று நாங்கள் இனி யாரைச் சொல்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)
கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவன் அல்ல. நரம்பியலைத் தொடர்ந்து வாசித்து எழுதுகிறவன். எனவே மருந்து பற்றிய எல்லா முடிவுகளும் உங்கள் மருத்துவருடையவை. ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்ன விஷயம் காத்திருக்கக் கூடாதது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அப்பாவின் மருந்துச் சீட்டில் பிரமிபெக்சோல் அல்லது ரோபினிரோல் என்ற பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நரம்புச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைன் மூளையில் செய்யும் வேலையைத் தாமே செய்யும் மருந்துகள் இவை. நடையையும் விறைப்பையும் சீராக்குவதில் பயனுள்ளவை, ஆனால் சிலரிடம் அடக்க முடியாத உந்துதலைக் கிளப்பிவிடுகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், சூதாட்டம், பொருள் வாங்கிக் குவித்தல், மிகையான பாலுணர்வு, கட்டுக்கடங்காமல் உண்ணுதல் ஆகிய நான்கில் ஒன்றாவது 13.6 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. இவ்வகை மருந்தை எடுத்துக்கொண்டவர்களில் அது 17.1 சதவீதம், எடுத்துக்கொள்ளாதவர்களில் 6.9 சதவீதம்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு நரம்பியலில் தெளிவான ஒரு விளக்கம் உண்டு. ஸ்ட்ரையேட்டம் என்று அழைக்கப்படும் ஆழ்மூளைப் பகுதியில், உடலசைவோடு தொடர்புடைய மேற்பகுதியில்தான் இந்த நோயில் டோபமைன் முதலில் வற்றுகிறது. ஆசை, எதிர்பார்ப்பு, வெகுமதி ஆகியவற்றோடு தொடர்புடைய கீழ்ப்பகுதியில் அது ஓரளவு மிஞ்சியிருக்கும். காலை நகர்த்தப் போதுமான அளவு மருந்தைக் கொடுக்கும்போது, அவ்வளவாகக் குறை இல்லாத அந்தக் கீழ்ப்பகுதிக்கு அது மிகையாகிவிடுகிறது. வாழ்நாளெல்லாம் சிக்கனமாக இருந்த ஒருவர் இரவு இரண்டு மணிக்கு மூன்றாவது கைக்கடிகாரத்தை வாங்குவது இப்படித்தான் நேர்கிறது. இத்தனை காலம் ஒளித்து வைத்திருந்த சுபாவம் இப்போது வெளிப்படுகிறது என்று தயவுசெய்து யாரும் எண்ண வேண்டாம். அவர் மறைப்பது வெட்கத்தினால்தான் இருக்கும். பல குடும்பங்கள் இதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. மருந்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ பலருக்கு இது அடங்குகிறது. ஆனால் நீங்களாக ஒருநாளும் நிறுத்திவிடாதீர்கள். இவ்வகை மருந்தைத் திடீரென விட்டால் கடும் பதற்றமும் மனச்சோர்வும் வரக்கூடும். மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற மருந்தைத் திடீரென நிறுத்தினால் உடல் விறைத்துக் கடுங்காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்க்கும்வரை வங்கி அட்டையை அம்மா வைத்துக்கொள்ளட்டும், அப்பாவிடம் சொல்லிவிட்டே.

இனி கோலத்துக்கு வருகிறேன். நீங்கள் குற்றச்சாட்டாக எழுதியிருக்கும் அந்த ஒரு வரி இந்த நோயைப் பற்றி மிகத் துல்லியமான அவதானிப்பு. எழுந்து நின்று நாலு அடி நடப்பதை நாம் யோசித்துச் செய்வதில்லை. எந்தக் காலை முதலில் எடுப்பது, எவ்வளவு தூரம் வைப்பது, அடுத்ததை எப்போது தொடங்குவது என்பதையெல்லாம் ஸ்ட்ரையேட்டமும் அதைச் சார்ந்த பகுதிகளும் பார்த்துக்கொள்கின்றன. நடுமூளையில் கருநிறமிகொண்ட ஒரு சிறு பகுதியிலிருந்து அவற்றுக்கு டோபமைன் வருகிறது. பார்க்கின்சன் நோயில் அந்தச் செல்கள் அழிகின்றன. நடுக்கமோ விறைப்போ வெளியே தெரிவதற்குள்ளேயே கணிசமான பகுதி போயிருக்கும். தசையில் பலம் இருக்கும், போக வேண்டும் என்ற எண்ணமும் இருக்கும், ஆனால் பழகிய செயலைத் தானாகத் தொடங்கி உரிய அளவில் நடத்திச் செல்லும் திறன் குறைந்துவிடும். கையெழுத்து சிறுத்துக்கொண்டே போவதும், குரல் தணிவதும், அடிகள் குறுகுவதும் இதே காரணத்தால்தான். அப்பாவின் பழைய கணக்கேட்டையும் இப்போதைய கையெழுத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள், நான் சொல்வது கண்ணுக்குத் தெரியும்.

நடப்பதற்கு இன்னொரு வழியும் மூளையில் இருக்கிறது. கண்ணெதிரே ஒரு கோடு இருந்து, அதைத் தாண்ட வேண்டும் என்று கவனத்தோடு காலைத் தூக்கும்போது, பார்வையையும் திட்டமிடலையும் சார்ந்த, மூளையின் மேலடுக்கான புறணியின் பகுதிகள் அந்தச் செயலை நடத்துகின்றன. இந்த நோயில் இவ்வழி பெருமளவு மிஞ்சியிருக்கிறது. தரையில் குறுக்காகக் கோடுகள் போட்டால் உறைந்து நின்றவர்கள் நடக்கிறார்கள் என்பதைப் பிரிட்டன் நரம்பியலாளர் பர்டன் மார்ட்டின் 1967இலேயே எழுதினார். நெதர்லாந்தில் 58 வயதுள்ள ஒருவர் சில அடிகூட நடக்க முடியாமல் விழுந்தவர், சைக்கிளில் ஏற்றிவிட்டதும் தடுமாற்றமின்றி ஓட்டிப் போனதை அவருடைய மருத்துவர்கள் 2010இல் படம்பிடித்து வெளியிட்டார்கள். உங்கள் வீட்டு வாசலில் அம்மா போடும் கோலம் அந்தக் குறுக்குக் கோட்டின் வேலையைத்தான் செய்கிறது. அம்மா தினமும் காலையில் அப்பாவுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருக்கிறார், அது அவருக்கே தெரியாது.

மருத்துவர் முன்னால் நடப்பதும் இவ்வகையே. அங்கே இடம் அகலம்; யாரோ “எழுந்து நடங்கள்” என்று சொல்கிறார்; முழுக் கவனமும் காலில் இருக்கிறது; மருந்து எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். குளியலறை வாசலில் இவை எதுவும் இல்லை. இடம் குறுகல், திரும்ப வேண்டும், கையில் துண்டு, உள்ளே போக அவசரம், பின்னாலிருந்து “சீக்கிரம் போங்க” என்ற குரல். பதற்றமும், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளும் கால் உறைவதை அதிகமாக்கும். எனவே அந்த வாசலின் இருபுறமும் தரையில், அவர் எடுத்துவைக்கும் ஓர் எட்டுத் தூரத்துக்கு ஒன்றாக, பளிச்சென்ற நிறத்தில் பட்டை நாடாக்களை ஒட்டிப் பாருங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். “இந்தக் கோட்டைத் தாண்டுங்க” என்று நிதானமாகச் சொல்லுங்கள், அது போதும்.

சிரிப்பும் அப்படியே. தானாக மலரும் சிரிப்புதான் இந்த நோயில் அதிகம் அடிபடுகிறது. கண் இமைப்பதுகூடக் குறையும். உள்ளே எழும் மகிழ்ச்சி முகத் தசைகளுக்கு வந்து சேராமலேயே போய்விடலாம். உண்மையாகவே நாட்டம் குறைந்துபோவதும் இந்த நோயில் உண்டு, ஆகவே உள்ளே எல்லாம் பழையபடியே இருக்கிறது என்று நான் உறுதி தர மாட்டேன். பரிசைப் பார்த்து மகிழ்ந்தாரா என்று பேத்தியை அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். முகத்தில் வராதது பதிலில் வரும் என்றே நினைக்கிறேன்.

நோய் தலையோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முகர்வுணர்வு மங்குவது, தீராத மலச்சிக்கல், கனவில் கத்திக்கொண்டே கைகால்களை உதறுவது ஆகியவை நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கக்கூடியவை. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலைசுற்றுவதும் இதில் சேரும். மலச்சிக்கலுக்கும் இந்தத் தலைசுற்றலுக்கும், குடலையும் ரத்த நாளங்களையும் நம் விருப்பத்தைக் கேட்காமல் இயக்கும் நரம்புகளும் பாதிக்கப்பட்டிருப்பதே காரணம். இது மருந்தையும் தொடும். லெவோடோபா சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. இரைப்பை மெதுவாக வேலை செய்தால் தாமதமாகும். பருப்பு, முட்டை போன்ற புரத உணவோடு சேர்ந்து போனால் இரண்டும் ஒரே வழிக்குப் போட்டியிடும். நேற்று நடந்தவர் இன்று அதே மாத்திரைக்குப் பிறகும் நிற்கிறார் என்றால், அவர் என்ன நினைத்தார் என்று யோசிக்கும் முன் எப்போது, எதோடு சாப்பிட்டார் என்று பாருங்கள். பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அந்த விதையில் இருப்பதும் லெவோடோபாதான், அளவு மட்டும் நம் கையில் இல்லை.

“எல்லாமே மூளை என்றால் அப்பா யார்?” என்ற உங்கள் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் ஸ்வீடனில் மருந்தியலாளர் அர்விட் கார்ல்சன் 1957இல் செய்த சோதனை எனக்கு நினைவுக்கு வரும். சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைத்த ரெசர்பின் என்ற மருந்தைச் செலுத்தியதும் முயல்கள் காது தொங்க அசைவற்றுக் கிடந்தன. உடலில் டோபமைனாக மாறும் டோபாவைச் செலுத்தியதும் சிறிது நேரத்தில் காதை நிமிர்த்தி நடமாடின. இதன் தொடர்ச்சியாக 1960இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் என்ற மருந்தியலாளர், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் மிகக் குறைந்திருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டு, படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகள் லெவோடோபா ஊசிக்குப் பின் எழுந்து நடந்தார்கள். ஒரு வேதிப்பொருள் அவர்களுக்குப் புதிதாக ஒரு மனத்தைக் கொடுத்துவிடவில்லை. நடக்க விரும்பியவர்கள் அவர்களே, வழி அடைபட்டிருந்தது. குளியலறை வாசலில் நிற்கும் உங்கள் அப்பாவும் அந்த நிலையில்தான் இருக்கிறார்.

பொருள் வாங்கும் விஷயம் இதைவிடச் சிக்கலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே விருப்பமே மருந்தால் தூண்டப்பட்டிருக்கிறது, அதனால்தான் அது வீட்டாரை இவ்வளவு புண்படுத்துகிறது. இன்னொன்று, எல்லாவற்றையும் நோயின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. அவருக்குப் பிடிக்காததைச் செய்தால் முன்பு கோபப்பட்டவர் இப்போதும் கோபப்படுவார். அந்தக் கோபத்தை மாத்திரையின் விளைவு என்று தள்ளிவிட்டால், அவர் சொல்ல வருவதைக் கேட்க வீட்டில் ஆளில்லாமல் போகும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போவதற்குள், குளியலறை வாசலில் அவர் நிற்பதை, அவரிடம் கேட்டுக்கொண்டு, கைப்பேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துக்கொள்ளுங்கள். கோலத்தைத் தாண்டுவதையும் எடுங்கள். ஒரு வாரத்துக்கு மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், கால் உறைந்த நேரம் மூன்றையும் குறித்து வாருங்கள்; இந்தக் கணக்கை அப்பாவே எழுதலாம். மருத்துவர் பார்ப்பது அவருடைய மிகச் சிறந்த பத்து நிமிடங்களை மட்டுமே. மற்ற நேரங்களை நீங்கள்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் விளக்குவதை அவர் நேரில் கேட்கட்டும்.

அன்புடன்