பில்லில் ஜிர்கோனியா, பல்லில் உலோகம்

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்த பிறகு, இரண்டு பக்கப் பற்களையும் ராவி மூன்று பல் பிரிட்ஜ் (இழந்த பல்லின் இடத்தை நிரப்பும் நிலையான கட்டுப்பல்) போட்டுக்கொண்டேன். திருச்சியில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கில் செய்தது. பில்லில் ‘ஜிர்கோனியா’ என்று எழுதி 36,000 ரூபாய் வாங்கினார்கள். எட்டாவது மாதம் மேல்பூச்சு சில்லாகப் பெயர்ந்துவிட்டது. உள்ளே சாம்பல் நிற உலோகம் தெரிகிறது. ராவிய பல் ஒன்றில் வலி வேறு. வேர் சிகிச்சை வேண்டுமாம். “முறுக்கு கடித்திருப்பீர்கள், பணம் திருப்பித் தர முடியாது” என்கிறார் மருத்துவர். போலீசில் புகார் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: போலீஸ் இருக்கட்டும். முதலில் அந்த பிரிட்ஜை யாரும் கழற்ற விடாதீர்கள். ஒட்டிய பிரிட்ஜைப் பெரும்பாலும் அறுத்துத்தான் எடுப்பார்கள். அதோடு உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்றும் போய்விடும். “இலவசமாக மாற்றித் தருகிறோம்” என்று கூப்பிட்டாலும், எழுத்தில் வாங்காமல் அந்த நாற்காலியில் உட்காராதீர்கள். பெயர்ந்த சில்லு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் கலந்து கிடக்கின்றன. வலுவானது பொருள் பற்றியது. ஜிர்கோனியா என்பது உறுதியான வெள்ளைப் பீங்கான் வகை; அதில் உலோகத் தகடு கிடையாது. பெயர்ந்தாலும் உள்ளே வெள்ளையாகவே இருக்கும். சாம்பல் நிறம் தெரிந்தால், உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய மலிவு வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிரிட்ஜைச் செய்த லேப் தரும் வாரண்டி அட்டையை எழுத்து மூலம் கேளுங்கள். தராவிட்டால் அதுவும் உங்களுக்கே சாதகம். முறுக்கு வாதம் இங்கே எடுபடாது. கடித்ததால் பீங்கான் உடையலாம், ஜிர்கோனியா உலோகமாக மாறாது.

வேர் சிகிச்சை விஷயம் அவ்வளவு சுலபமில்லை. ராவிய பல்லில் நரம்பு பாதிக்கப்படுவது தெரிந்த அபாயம்தான். அதை மட்டும் வைத்து அலட்சியம் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் நல்ல பற்களை ராவும் முன், இந்த அபாயத்தையும் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) போன்ற மாற்று வழிகளையும் சொன்னார்களா? சொல்லாமல் வாங்கிய சம்மதம் முழுமையான சம்மதம் ஆகாது. சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது.

இனி போலீஸ். ஜேக்கப் மேத்யூ வழக்கின் (2005) தீர்ப்புப்படி, மருத்துவர் மீது குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும். பொருளை மாற்றி ஏமாற்றினார் என்று மோசடிப் புகார் கொடுக்கலாம்தான்; ஆனால் அதனால் உங்கள் 36,000 திரும்பி வராது. நுகர்வோர் ஆணையமே உங்களுக்கு ஏற்ற இடம்.

முதலில், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ வேறு நிபுணரிடமோ காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். அடுத்து ஒப்புகையுடன் நோட்டீஸ் அனுப்புங்கள். குறையுள்ள சேவைக்கு, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம்.

பிறகு தஞ்சாவூர் மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். திருச்சிக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை (என் பிழைப்பில் மண் விழுந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்). காலக்கெடு இரண்டு ஆண்டு. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கும்படி ஆணையத்திடமே கேட்கலாம்.

வலி பொறுக்காமல் அதற்கு முன்பே கழற்ற நேர்ந்தால், வேறொரு மருத்துவரிடம் செல்லுங்கள். கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுக்கச் சொல்லி, அறுத்த துண்டுகள் அனைத்தையும் உறையிலிட்டு, அவருடைய கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.