எழுத்தாளர் ஸ்ட்ரைக்கும் ரசிகரின் வயிற்றெரிச்சலும்

அன்புள்ள சார்,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்கத் தொடர்கள் பார்க்கிற பைத்தியம் காலேஜில் பிடித்தது, இன்னும் விடவில்லை. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நான்காம் சீசன் 2022 ஜூலையில் முடிந்தது. ஐந்தாவது வர 2025 நவம்பர் ஆகிவிட்டது. சின்னப் பசங்களாகப் பார்த்தவர்களுக்கெல்லாம் மீசை முளைத்துவிட்டது. ஏன் இவ்வளவு லேட் என்று தேடினால், எழுத்தாளர்கள் ஸ்ட்ரைக் பண்ணினார்களாம்.

என் தாத்தா பெரம்பூர் பின்னி மில் தொழிலாளி. ஸ்ட்ரைக் என்றால் அடுப்பு எரியாத நாட்கள் என்றுதான் எங்கள் வீட்டில் கதை சொல்வார்கள். அந்தக் கதை கேட்டு வளர்ந்ததால்தானோ என்னவோ, எனக்குக் கோபம் வருகிறது. ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு என்ன சார் ஸ்ட்ரைக்? அவர்களுக்கும் கம்பெனிக்கும் சண்டை என்றால், மாதாமாதம் சந்தா கட்டுகிற நான் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

இன்னொரு சந்தேகம். அம்மா பார்க்கிற சீரியல் கொரோனா காலம் தவிர நின்றதே இல்லை. அப்படியென்றால் நம் ஊர் எழுத்தாளர்கள் எல்லோரும் திருப்தியாக இருக்கிறார்களா? நீங்கள் சீரியலுக்கு வசனம் எழுதியவர் என்று எங்கேயோ படித்தேன். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த தடவை இப்படி நடந்தால் ரசிகர் என்ன செய்வது? சந்தாவை நிறுத்துவதா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் கணக்கைப் பார்த்துவிடுவோம். எழுத்தாளர் ஸ்ட்ரைக் 2023 மே 2-இல் தொடங்கி செப்டம்பர் 27-இல் முடிந்தது, 148 நாள். நடுவே ஜூலை 14-இல் நடிகர்களும் இறங்கினார்கள். அது நவம்பர் 9 வரை போனது. நீங்கள் சொல்லும் தொடரின் படப்பிடிப்பு 2024 ஜனவரியில் ஆரம்பித்தது. ஆக, ஸ்ட்ரைக் தலையில் ஏழெட்டு மாதத்தைப் போடலாம். நீங்கள் காத்திருந்ததோ ஏறக்குறைய மூன்றரை வருடம். மீதி, ஒரு வருடம் நீண்ட படப்பிடிப்பும் அதற்கப்புறம் கிராபிக்ஸும் தின்றது. எட்டு எபிசோடை எட்டு சினிமா போல எடுக்கிற ஆசைக்கான விலை அது. மீசை எப்படியும் முளைத்திருக்கும்.

இதைச் சொல்வது உங்கள் கோபத்தைக் குறைக்க இல்லை. கோபம் நியாயம். அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் கருத்து உண்டு.

‘ஏசி ரூம்’ என்றீர்கள். அறை ஏசிதான், வருமானம் அப்படி இல்லை. அமெரிக்கத் தொடர் எழுத்தாளருக்கு வேலை இருக்கும்போது நல்ல சம்பளம். ஒரு தொடர் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில் அவர்களைத் தாங்குவது, எழுதியதைத் திரும்ப ஒளிபரப்பும்போதும் விற்கும்போதும் வருகிற பங்குத்தொகை. இதை யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை, ஸ்ட்ரைக் பண்ணி வாங்கினார்கள். 1960-லேயே எழுத்தாளர்களும் நடிகர்களும் ஒரே சமயத்தில் வேலையை நிறுத்தியிருக்கிறார்கள். 2023-இல் இரண்டு தரப்பும் மறுபடி ஒன்றாக நின்றபோது எல்லோரும் அந்த வருடத்தைத்தான் ஞாபகப்படுத்தினார்கள்.

ஸ்ட்ரீமிங் வந்ததும் இந்த ஏற்பாடு குலைந்தது. டிவியில் ஒரு சீசனுக்கு 22 எபிசோடு எழுதியவர் இங்கே எட்டோ பத்தோதான் எழுதுகிறார். மறுஒளிபரப்பு என்ற பேச்சே இல்லை, தொடர் எப்போதும் அங்கேயே கிடக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைக் கம்பெனி அப்போது சரியாகச் சொல்லவில்லை. நான்கைந்து பேரைச் சில வாரம் உட்காரவைத்துக் கதையை முழுக்கக் கறந்துகொண்டு அனுப்பிவிட்டு, படப்பிடிப்புக்கு ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வதும் பழக்கமானது. சுமார் 11,500 பேர் பேனாவைக் கீழே வைத்ததற்கு இதெல்லாம்தான் காரணம். செயற்கை நுண்ணறிவு பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது. செய்திகளில் அதுதான் பெரிதாக வந்தது. எனக்கென்னவோ முதல் காரணங்களே கனமானவை என்று தோன்றுகிறது.

அடுத்து, ‘நான் ஏன் கஷ்டப்பட வேண்டும்?’ உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கும், ஆனால் நேராகவே சொல்கிறேன். உங்கள் கஷ்டம்தான் அந்த ஸ்ட்ரைக்கின் ஆயுதம். எழுத்தாளர் எழுதாமல் வீட்டில் இருப்பதால் மட்டும் கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சொல்லப்போனால் சம்பளம் மிச்சம். நீங்கள் ‘அடுத்தது எப்போ?’ என்று கேட்க ஆரம்பிக்கும்போதுதான் அங்கே வலிக்கும். மில்லில் தறி நின்றாலும் கிடங்கில் துணி இருக்கிறவரை கடைக்குச் சரக்கு போய்க்கொண்டுதானே இருக்கும்? இதுவும் அப்படித்தான். அன்றன்றைக்கு எழுதி அன்றிரவே போகிற நையாண்டிப் பேச்சு நிகழ்ச்சிகள் முதல் நாளே நின்றன. டிவி தொடர்கள் சில மாதம் கழித்து. 2023 செப்டம்பரில் புது சீசன்கள் தொடங்கவேண்டிய நேரத்தில் அமெரிக்க சேனல்கள் ரியாலிட்டி ஷோவும் பழைய தொடர்களும் போட்டு ஒப்பேற்றின. டிவி தொடர்களுக்கான எம்மி விருது விழாவே அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போனது. கையில் நிறைய சரக்கும் பல நாட்டுத் தொடர்களும் வைத்திருக்கும் ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் கடைசியாகத்தான் உணர்ந்தன. அதனால்தான் இவ்வளவு நாள் இழுத்தது.

ரசிகருக்கு உண்மையான இழப்பும் உண்டு. 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை நடந்த ஸ்ட்ரைக்கில் அதைப் பார்க்கலாம். ‘ஹீரோஸ்’ இரண்டாம் சீசன் 24 எபிசோடு வரவேண்டியது, 11-இல் நறுக்கி முடித்தார்கள். ‘புஷிங் டெய்சீஸ்’ என்ற அழகான தொடர் 9 எபிசோடோடு நின்று, பத்து மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது பழைய கூட்டம் வரவில்லை. இன்னும் 13 எபிசோடில் ஆயுள் முடிந்தது. ‘24’ தொடரின் ஏழாம் சீசனுக்கு ரசிகர்கள் முழுதாக ஒரு வருடம் கூடுதலாகக் காத்திருந்தார்கள். அந்த இடத்தையெல்லாம் ரியாலிட்டி ஷோக்கள் பிடித்துக்கொண்டன. பிரபலங்களை வைத்து நடத்திய ‘அப்ரெண்டிஸ்’ 2008 ஜனவரியில் வந்தது அந்தப் பஞ்ச காலத்தில்தான்.

ஆனால் எல்லாப் பழியையும் ஸ்ட்ரைக் மேல் போடுவது ரசிகர்களுக்குப் பிடித்த வேலை. ‘ஹீரோஸ்’ கெட்டுப்போனதே ஸ்ட்ரைக்கால்தான் என்று இன்றைக்கும் சொல்வார்கள். அதை உருவாக்கிய டிம் கிரிங், கதை மந்தமாகப் போனதற்காக ரசிகர்களிடம் வருத்தம் தெரிவித்தது அதே 2007 நவம்பரில். அந்த எபிசோடுகளெல்லாம் ஸ்ட்ரைக்குக்கு முன்பே எழுதியவை! இதற்கு நேர் எதிரான கதையும் ஓடுகிறது. ‘பிரேக்கிங் பேட்’ முதல் சீசன் 9 எபிசோடிலிருந்து 7 ஆனதால்தான் அதன் முக்கியப் பாத்திரமான ஜெஸ்ஸி சாகாமல் தப்பித்தான் என்பார்கள். அவனைக் கொல்வதில்லை என்று அதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டதாக அதை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே சொல்லிவிட்டார். ஆனாலும் கேட்க நன்றாக இருப்பதால் அந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

2007-இல் எழுத்தாளர்கள் கேட்டவற்றில் ஒன்று, ஒரு டிவிடி விற்றால் கிடைக்கும் சுமார் 4 சென்ட்டை இரண்டு மடங்காக்குவது. அது கிடைக்கவில்லை. கிடைத்தது, இணையத்துக்காக எழுதுவதும் சங்க ஒப்பந்தத்துக்குள் வரும் என்ற உரிமை. அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. டிவிடி சீக்கிரமே பரணுக்குப் போனது. ஐந்தே வருடத்தில் நெட்ஃபிளிக்ஸ் சொந்தமாகத் தொடர் எடுக்க ஆரம்பித்தபோது, எழுத்தாளர்கள் அங்கேயும் சங்க உறுப்பினர்களாகவே நுழைந்தார்கள். நீங்கள் காத்திருந்த தொடரின் எழுத்தாளர் அறை உட்பட. 2023-இலும் சிலது கிடைத்தது. ஒரு சீசனுக்குக் குறைந்தது இத்தனை பேரை வேலைக்கு எடுக்க வேண்டும், நிறையப் பேர் பார்த்த தொடருக்குக் கூடுதல் தொகை, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்த முடியாது.

அம்மாவின் சீரியலுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையப் பேச ஆசை.

நான் ஒரு மெகா தொடருக்குக் கொஞ்ச காலம் வசனம் எழுதினேன். எந்தத் தொடர், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம். காலையில் கதாநாயகிக்கு மேக்கப் நடந்துகொண்டிருக்கும்போது நான் வீட்டில் சீன் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வரிவரியாக வாசிக்க, அதைக் கேட்டு நடிப்பார்கள். வியாழக்கிழமை டிஆர்பி வரும். இறங்கியிருந்தால் அன்றைக்கே ட்ராக் மாறும், போன வாரம் நல்லவளாக இருந்த நாத்தனார் விஷம் கலப்பாள். கையிருப்பு எபிசோடு விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் எழுத்தாளர்கள் ஒரு வாரம் நிறுத்தினால் சேனல் தடுமாறிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? கணக்குப்படி அமெரிக்காவைவிட இங்கேதான் எழுத்தாளரின் பிடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

நடந்ததோ வேறு. மூன்று மாத பாக்கியைக் கேட்டேன். ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்றார்கள். அடுத்த வாரம் டைட்டிலில் வேறு ஒருவர் பெயர் வந்தது. தினமும் அந்தத் தொடரைப் பார்க்கிற என் சித்திக்கே வித்தியாசம் தெரியவில்லை. நடிகை மாறினால் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று போடுவார்கள். எங்களுக்கு அந்த மரியாதையும் கிடையாது. எனக்கு பதிலாக எழுத வந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் வாடகை உண்டு.

ஆக, திருப்தியா என்ற கேள்விக்கு: இல்லை. இங்கே சங்கங்கள் இருக்கின்றன. ஆனால் அமெரிக்காவில் இருப்பதுபோல் எல்லாக் கம்பெனியும் கையெழுத்துப் போட்ட பொது ஒப்பந்தம் இல்லை. உறுப்பினர் இல்லாதவர் எழுதக்கூடாது என்று தடுக்கிற பலமும் இல்லை. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள், இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காக வாதாடினார். எழுதியதற்கு ராயல்டியில் பங்கு உண்டு என்கிறது சட்டம். மறுஒளிபரப்புக்காக ஒரு ரூபாய் வாங்கிய சீரியல் வசனகர்த்தாவை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்தியாவில் சீரியல் ஸ்ட்ரைக்கால் நின்றதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2008 நவம்பரில் மும்பையில் சினிமா, டிவி தொழிலாளர் கூட்டமைப்புக்கும் தயாரிப்பாளர்களுக்கும் தகராறு வந்து, இந்தி சீரியல்கள் நின்று, சேனல்கள் பழைய எபிசோடுகளைத் திரும்பப் போட்டன. லைட்மேன், கேமரா உதவியாளர் எல்லோரும் ஒன்றாக நின்ற சண்டை அது. நம் ஊரில் 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுப்படமே வரவில்லை. அங்கே நிறுத்தியவர்கள் தயாரிப்பாளர்கள், டிஜிட்டல் திரையிடும் கம்பெனிகளின் கட்டணத்தை எதிர்த்து. முதலாளிகளுக்கு ஸ்ட்ரைக் பண்ணுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் பெரம்பூர்க்காரன்தான். பின்னி மில் தொழிலாளிகளை வைத்துத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. கூட நின்றார். 1996-இல் மில் மூடிய பிறகு அந்த இடம் பல வருடம் ஷூட்டிங் ஸ்பாட்டாக இருந்தது. சினிமாவில் பாதி சண்டைக் காட்சி அங்கேதான் எடுத்தார்கள். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் உருவான இடத்தில், எந்த ஒப்பந்தமும் இல்லாத ஆட்கள் தினப்பேட்டாவுக்கு வேலை பார்த்தார்கள்.

அந்த மில் வரலாற்றில் பெருமைப்பட முடியாத பக்கமும் உண்டு. 1921-இல் மாதக்கணக்கில் நடந்த ஸ்ட்ரைக்கில் வேலைக்குத் திரும்பியவர்களில் பெரும்பாலானோர் ஆதிதிராவிடர்கள். சண்டை சாதிச் சண்டையாக மாறி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. பசியைத் தாக்குப்பிடிக்கிற சக்தி எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஹாலிவுட்டிலும் அதுதான். பேர்பெற்ற எழுத்தாளர் ஐந்து மாதம் சமாளிப்பார். அவரை நம்பியிருக்கிற தையல்காரருக்கும் டிரைவருக்கும் அந்த ஸ்ட்ரைக்கில் ஓட்டு கிடையாது, ஆனால் வேலை போகும். உங்கள் வீட்டில் அடுப்பு எரியாத கதையை வைத்து நீங்கள் கோபப்பட்டீர்கள் அல்லவா, அந்தக் கோபத்தை இவர்களுக்காகப் பட்டால் நானும் கூட வருவேன். தொடர் தாமதமானதற்கு வேண்டாம்.

கடைசியாக, சந்தா. 2023-இல் எழுத்தாளர் சங்கமோ நடிகர் சங்கமோ ரசிகர்களிடம் சந்தாவை நிறுத்துங்கள் என்று கேட்கவே இல்லை. தொடரை எல்லோரும் பார்ப்பதுதானே அவர்கள் பேரம் பேசுகிற பலம்? 2007-இல் ரசிகர்கள் வேறொன்று செய்தார்கள். ஸ்டுடியோ முதலாளிகளுக்குப் பெட்டி பெட்டியாகப் பென்சில் அனுப்பினார்கள், மறியலில் நின்றவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள். அதனால் ஸ்ட்ரைக் ஒருநாளாவது முன்னதாக முடிந்ததா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ‘ரசிகர்கள் எங்கள் பக்கம்’ என்று கம்பெனி சொல்ல முடியாமல் போனது. அடுத்த தடவை உங்களால் முடிந்தது அதுதான். ‘எழுத்தாளர்களால் லேட்’ என்று யாராவது போட்டால், ‘கம்பெனி ஒப்பந்தம் போடாததால் லேட்’ என்று பதில் போடுங்கள். சந்தா அப்படியே இருக்கட்டும்.

அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். 2020-இல் ஷூட்டிங் நின்று பழைய தொடர்களைத் திரும்பப் போட்டார்களே, அப்போது எதை விரும்பிப் பார்த்தார்கள்? எந்தக் காட்சிக்கு மறுபடி அழுதார்கள்? எனக்குத் தெரிந்த ஒருவர் எழுதியதாக இருந்தால் அவரிடம் சொல்வேன். அந்த மறுஒளிபரப்பில் அவருக்கு அதுவாவது கிடைக்கட்டும்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து