செப்டம்பரில் மட்டும் வேண்டாம்

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வரும் செப்டம்பரில் எங்களுக்குத் திருமணமாகி 40 ஆண்டுகள் நிறைகின்றன. லண்டனில் வேலை பார்க்கும் மகன், கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கா தீவுக்கு அழைத்துப் போகிறேன் என்கிறான். போகலாமா?
- வாசகர், குலசேகரம்

பதில்: அவசியம் போங்கள் ஐயா. செப்டம்பரில் மட்டும் வேண்டாம். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் காலம். செப்டம்பர் அதன் உச்சம். 2017 செப்டம்பர் 18 இரவு மரியா புயல் அந்தத் தீவையே புரட்டிப் போட்டது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒக்கி புயல். எங்கள் வாசலில் வேரோடு சாய்ந்து கிடந்த அயினி மரத்தையும், மீனவ ஊர்களான தூத்தூர், வள்ளவிளை வீடுகளில் நாள்கணக்கில் கேட்ட அழுகையையும் என்னால் மறக்க முடியாது. மணநாளைப் பிப்ரவரிக்குத் தள்ளி வையுங்கள். மழை குறைந்திருக்கும்.

டிக்கெட்டில் ஊர்ப்பெயரை இரண்டு முறை பாருங்கள். டொமினிக்கன் குடியரசு வேறு நாடு. எனக்கு டிக்கெட் எடுத்தவர் அந்த நாட்டுக்கே பதிவு செய்துவிட்டார். பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. டொமினிக்காவுக்கு நமக்கு விசா தேவையில்லை. வழியில்தான் சிக்கல். அமெரிக்காவில் விமானம் மாறினாலே அந்நாட்டு விசா வேண்டும். பக்கத்துத் தீவுகளான குவாதலூப், மார்ட்டினிக் இரண்டும் பிரான்சைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் விசா வேண்டும். எப்படியும் மகனைப் பார்க்க பிரிட்டன் விசா எடுப்பீர்கள். லண்டனிலிருந்து பார்படோஸ் போய், அங்கிருந்து சிறிய விமானத்தில் போவது நல்லது.

தீவின் பரப்பு 750 சதுர கிலோமீட்டர், நம் மாவட்டத்தில் பாதிகூட இல்லை. ஆனால் ஒரு முழு நாளைக் கலினாகோ பழங்குடியினர் வாழும் கிழக்குக் கரைக்கு ஒதுக்குங்கள். அங்கே ஓர் அம்மா மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) துருவி, நஞ்சுச் சாறு போகப் பிழிந்து, தேங்காய்த் துருவல் சேர்த்துப் பெரிய இரும்புக் கல்லில் ரொட்டியாகத் தட்டிக்கொண்டிருந்தார். சுட்ட வாசனை வந்ததும் எனக்கு என் பாட்டியின் அடுக்களை நினைவு வந்துவிட்டது. திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் 1880களில் நம் பக்கம் பரப்பிய கிழங்கு, அந்த மக்களுக்குக் காலங்காலமாகச் சோறு. சூட்டோடு வாங்கிச் சாப்பிடுங்கள்.

எரிமலைச் சூட்டில் தண்ணீர் கொதிக்கும் ஏரி ஒன்று அங்கே உண்டு. அந்தக் கொதிக்கும் ஏரியைப் பார்க்க மகன் ஆசைப்படுவார். போகவர ஆறு மணி நேரம், வழுக்கும் மலைப்பாதை. அவர் வழிகாட்டியோடு போகட்டும். நீங்கள் இருவரும் டிரஃபால்கர் அருவிக்குப் போங்கள். சிறிது தூரம்தான் நடை. இரட்டை அருவி அது. ஒன்றைத் தந்தை என்றும் மற்றதைத் தாய் என்றும் அழைக்கிறார்கள். சுற்றுலாக் கப்பல் கூட்டம் வருமுன் காலையிலேயே போய்விடுங்கள்.