மகளைத் தனி வகுப்புக்கு அனுப்பலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தென்காசியில் தமிழ் வழியில் நன்றாகப் படித்த பிள்ளை, இங்கே மும்பை சயனில் ஆங்கில வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து வாயே திறப்பதில்லை. மூன்று மாதத்துக்குத் தினமும் இரண்டு பீரியட் தனி வகுப்பில் வைக்கிறோம் என்கிறார் டீச்சர். மக்கு என்று பெயராகிவிடுமோ, பேசாமல் ஊரில் ஆச்சியிடம் விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

தனி வகுப்புக்கு அனுப்புங்கள். ஊருக்கு வேண்டாம்.

நான் தாராவிக்கு வந்து 24 வருடம் ஆகிறது. என் மூத்தவனும் இப்படித்தான் திணறினான். அவன் பள்ளியில் இந்த வசதி இல்லை, அதனால் டியூஷனில் சேர்த்தேன். அங்கே வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுத வைத்து அனுப்பினார்கள். நோட்டு நிறைந்தது, பிள்ளைக்கு ஒரு வரி வாசிக்க வரவில்லை. ஒன்றரை வருடம் அப்படியே போயிற்று. இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது. டியூஷன் வகுப்புப் பாடத்தின் பின்னாலேயே ஓடும். நல்ல தனி வகுப்பு, பிள்ளை எங்கே நின்றுவிட்டதோ அங்கேயிருந்து தொடங்கும்.

இன்று ராத்திரி அவளுடைய பழைய தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தடங்கல் இல்லாமல் வாசித்தால் அவளுக்குப் படிப்பில் குறை இல்லை, மொழிதான் புதிது. தமிழிலும் எழுத்துகள் குழம்பினால் விஷயம் வேறு. அதை டீச்சரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சயன் மருத்துவமனையிலேயே கற்றல் குறைபாட்டுக்குப் பரிசோதனை உண்டு.

மும்பையில் நம் பிள்ளைகள் சுமப்பது சின்னச் சுமை இல்லை. தமிழில் ஒரு 'க' போதும், இந்தியும் மராத்தியும் எழுதும் தேவநாகரியில் அதற்கு நான்கு எழுத்து. நமக்கு இருபத்தொன்பது என்றால் எண்ணிலேயே கணக்கு தெரியும். இந்தியில் 29 'உன்தீஸ்', 39 'உன்தாலீஸ்', நூறு வரைக்கும் ஏறக்குறைய ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு ஆறுதல், மராத்தியில் நம்ம 'ள' இருக்கிறது. பள்ளிக்கூடத்தை அவர்கள் 'ஷாளா' என்பார்கள். அந்த ஒலி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அங்கிருந்து தொடங்கினால் தைரியம் வரும்.

பெயர் கெடும் என்ற பயத்தை விடுங்கள். பிள்ளையின் திறனை அறிந்து, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தருவது ஆசிரியரின் கடமை என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 'பாலசகி' என்று ஒரு திட்டம் நடத்தியது. அக்கம்பக்கத்துப் பெண்களே பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னாளில் நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் அதை ஆராய்ந்தபோது, ரொம்பப் பின்தங்கியிருந்த பிள்ளைகள்தான் அதிகம் முன்னேறியிருந்தார்கள். ஆனால் திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி தேய்ந்திருந்தது. அதனால் மூன்று மாதம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகும் தினம் கால் மணி நேரம் வீட்டில் சத்தமாக வாசிக்க வையுங்கள். ஒரு நாள் ஆங்கிலம், ஒரு நாள் தமிழ். ஆங்கிலம் வரட்டும் என்று வீட்டில் தமிழை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், எந்த இரண்டு பீரியட் என்று கேளுங்கள். விளையாட்டும் படம் வரைவதும் போகக் கூடாது. மற்ற பிள்ளைகளோடு அவள் சிரிக்கிற நேரம் அதுதான். வகுப்புக்கு எப்போது திரும்புவாள், எதை வைத்து முடிவு செய்வார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டீச்சரைப் பார்க்கப் போகும்போது அவளுடைய ஊர்க் கணக்கு நோட்டையும் கொண்டுபோங்கள். தமிழ் தெரியாவிட்டாலும் அதிலுள்ள கூட்டலும் கழித்தலும் சரியாக இருப்பது அவர் கண்ணில் படும்.