கருவாடு கொண்டு வரலாமா என்று கேட்ட தக்கலை தம்பிக்கு

வேலை கிடைத்து ஜனவரியில் நார்வேயின் வடக்கே ட்ரொம்சோவுக்கு வரப்போகிற தக்கலைக்காரத் தம்பி ஒருவர் நேற்று கேட்டிருந்தார். வாடகை எவ்வளவு ஆகும், வரி எவ்வளவு பிடிப்பார்கள், ஆறு மாதத்துக்கு மளிகை கட்டிக்கொண்டு வரலாமா, கருவாடு வறுத்தால் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்களா என்று. கடைசியில், "நார்வேயில் ஆட்டுத்தலையும் பழுப்பு சீஸும்தான் கிடைக்குமாமே, எப்படி அக்கா இத்தனை வருஷம் ஓட்டினீர்கள்" என்றும் ஒரு வரி.

வாடகையையும் வரியையும் உங்களுக்கு வேலை கொடுத்தவர்களிடமே கேளுங்கள் தம்பி. வருஷத்துக்கு வருஷம் மாறுகிற விஷயம், நான் சொல்லி நீங்கள் கணக்குப் போட வேண்டாம். கருவாட்டுக்கு வருகிறேன், அதைப் படித்ததும்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் குமரி மாவட்டத்து முட்டம் பக்கத்தவள். 2004 நவம்பர் கடைசியில் ட்ரொம்சோவில் வந்து இறங்கினேன். சூரியன் எழுவதையும் விழுவதையும் ஒரே கரையில் நின்று பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வருகிற மாவட்டத்திலிருந்து, அந்த வாரத்தில்தான் சூரியன் போன ஊருக்கு வந்தேன். நவம்பர் கடைசியில் போனால் ஜனவரி பாதிக்கு மேல்தான் திரும்ப முகம் காட்டும். நடுப்பகலில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். என் கணவர் கப்பல் எஞ்சினியர், வந்த எட்டாம் நாள் கப்பலேறிவிட்டார். ஒரு பாட்டியம்மாவின் வீட்டில் கீழ்த்தளம் எங்களுக்கு வாடகை. அம்மா உருக்கித் தந்த நெய்யை விமான நிலையத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். இது முதல் எச்சரிக்கை: ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் பால் பொருளோ இறைச்சியோ எதையும் இந்த நாட்டுக்குள் கொண்டு வரக் கூடாது. நெய், பால்கோவா, கறி ஊறுகாய் எதுவும் வேண்டாம். அம்மா அழுதாலும் பெட்டியில் வைக்க விடாதீர்கள், பிறகு அதை இங்கே குப்பையில் போடுவதைப் பார்த்து நீங்கள் அழ வேண்டி வரும்.

நெய் போனாலும் சாளைக் கருவாடு மிஞ்சியிருந்தது. மூன்றாவது வாரம், ஊர் நினைப்பு தாங்காமல், ஜன்னலைக்கூடத் திறக்காமல் அதைப் பொரித்தேன். பத்து நிமிஷத்தில் பாட்டியம்மா படி இறங்கி வந்து கதவைத் தட்டினார். உள்ளே வந்து மோந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் திரும்ப மேலே போய்விட்டார். எனக்கு அவர்கள் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார், கப்பலில் இருக்கிறவருக்கு எப்படிச் சொல்வது என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அரை மணி நேரத்தில் அவர் திரும்பி வந்தபோது ஒரு கையில் சுத்தியல், மறு கையில் விறகுக்கட்டை மாதிரி காய்ந்த ஒரு மீன். வாசல்படிக் கல்லில் அதை வைத்து நாலு சாத்து சாத்தி, நார் நாராகப் பிய்த்து என் கையில் வைத்து, தின்னு என்று சைகை காட்டினார். உப்பில்லாத கருவாடு! நான் என் சாளையை நீட்டினேன். அவரும் தின்றார், உப்பு தாங்காமல் தண்ணீர் கேட்டார். பிறகு வாசலில் தொங்கிய கம்பளிக் கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, கருவாடு பொரிக்கும்போது இவற்றை வேறு அறையில் பூட்டி வை என்று புரிய வைத்தார். சண்டை வந்தால் இந்தக் கம்பளியால்தான் வரும் தம்பி. கம்பளியில் ஏறிய வாசனை ஒரு மாதம் போகாது, அதோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆளுக்குச் சிரமம். அடுக்குமாடியில் காற்றுக்குழாய் எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்தால் உள்ளே பொரிக்கவே பொரிக்காதீர்கள், வெளியே வைத்துச் சுடுங்கள். நாம் இருக்கும் இடத்துக்கு அது மரியாதை.

அந்த விறகுக்கட்டை மீனுக்கு இங்கே தோர்ஃபிஸ்க் என்று பேர். காட் மீன்தான். பாரென்ட்ஸ் கடலிலிருந்து குளிர்காலத்தில் முட்டையிட லோஃபோட்டன் தீவுகளுக்கு வரும், அப்போது பிடித்து, இரண்டிரண்டாக வாலைக் கட்டி மரச்சட்டங்களில் தொங்க விடுவார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை அது அங்கேயே தொங்கும். உப்பு ஒரு கல் கிடையாது. குளிர் உறைநிலையை ஒட்டியே நிற்பதால் மீன் அழுகாது, ஈ வராது, கடல்காற்று ஈரத்தை எடுத்துவிடும். நம் ஊரில் வெயிலும் உப்பும் சேர்ந்து செய்கிற வேலையை இங்கே குளிரும் காற்றும் செய்கின்றன. மீனின் தலையைத் தனியாகக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள், அங்கே சூப்புக்குப் போடுவார்கள். தலை போகும் முன்னால் நாக்கை அறுத்து எடுப்பது ஊர்ப் பிள்ளைகளின் வேலை. ஆறேழு வயசுப் பிள்ளைகூட கூரான கத்தியோடு நின்று அறுக்கும், விற்கும் காசு அதற்கே சொந்தம். முதலில் பார்த்தபோது எனக்குப் பகீர் என்றது. அப்புறம் நினைத்துப் பார்த்தால், கரமடி வலை இழுக்கிற இடத்தில் சிந்திய மீனைப் பொறுக்கி விற்று நாங்கள் மிட்டாய் வாங்கவில்லையா?

வெனிஸ் நகரத்து வியாபாரி பியேத்ரோ குவெரினி என்பவர் கப்பல் உடைந்து, 1432 ஜனவரியில் லோஃபோட்டனின் கடைசித் தீவான ரோஸ்டில் ஒதுங்கினார். மீனவர் குடும்பங்கள் அவரையும் கூட வந்தவர்களையும் மாதக்கணக்கில் வைத்துச் சோறு போட்டன. அவர் ஊர் திரும்பியபோது கையில் கொண்டு போனது இந்தக் கருவாட்டைத்தான், இன்றைக்கும் இத்தாலிக்காரர்கள் காசை அள்ளிக் கொடுத்து இதை வாங்குகிறார்கள். கரை ஒதுங்கின ஆள் அந்த ஊர்ச் சாப்பாட்டை முகம் சுளிக்காமல் தின்றிருக்கிறார், அதைத்தான் இங்கே வருகிற நம் பிள்ளைகளிடம் நான் வாய் ஓயாமல் சொல்கிறேன்.

நமக்கும் இவர்களுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு, அது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை. 1952-ல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு, கொல்லம் பக்கம் நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் மீன்பிடித் திட்டம் தொடங்கினார்கள். நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எங்கள் தாத்தா அந்தப் பக்கம் தங்கலுக்கு, அதாவது ஊர் விட்டுப் போய்த் தங்கி மீன் பிடிக்க, போனவர். எஞ்சின் வைத்த போட்டை முதன்முதலில் அங்கேதான் பார்த்தாராம், சாகும்வரை அதை 'நோர்வேக்காரன் போட்டு' என்றே சொல்வார். பாட்டியம்மாவிடம் பாஷை படித்து இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆனது. சொன்ன அன்றைக்கு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சரி, பழுப்பு சீஸ். அதற்கு ப்ருனோஸ்ட் என்று பேர். பார்த்தால் கருப்பட்டித் துண்டு மாதிரியே இருக்கும், செய்கிற விதமும் கருப்பட்டிதான். பால் திரிந்து சீஸ் எடுத்தபிறகு மிஞ்சும் தண்ணீரை மணிக்கணக்காகக் காய்ச்சினால் அதிலுள்ள பால்சர்க்கரை சிவந்து இறுகும். 1863-ல் குட்பிரான்ஸ்தால் பள்ளத்தாக்கில் ஆன்னே ஹோவ் என்ற பெண் அதில் பாலாடையையும் சேர்த்துக் காய்ச்சிப் பார்த்தார், அதுதான் இன்றைக்கு நாடு முழுக்கத் தின்கிறது. அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சுகிற அடுப்பருகே நின்ற பிள்ளைக்கு இது அந்நியமா, சொல்லுங்கள். இதில் கொழுப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்றால், 2013 ஜனவரியில் திஸ்ஃபியோர்டில் ஒரு சுரங்கப்பாதைக்குள் 27 டன் ப்ருனோஸ்ட் ஏற்றிய லாரி தீப்பிடித்து, நாலைந்து நாள் விடாமல் எரிந்தது. தோசைமேல் அதைச் சீவிப்போட்டுத் தின்று பாருங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள்.

ஆட்டுத்தலை மேற்குப் பக்கத்துச் சாப்பாடு, இந்த வடக்கில் எல்லார் வீட்டிலும் கிடைக்காது. முடியைப் பொசுக்கி, உப்பிட்டு, உணக்கி, கிறிஸ்துமசுக்கு முந்தின வாரங்களில் வேகவைத்துத் தின்பார்கள். கொழுப்பு ஆறிவிடும் என்று கண்ணையும் காதையும்தான் முதலில் தின்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தலைக்கறிக்குக் கடையில் வரிசையில் நிற்கிற நாம் இதற்கு அய்யே என்று சொல்வது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. புளிக்க வைத்த நன்னீர் மீன் ஒன்று உண்டு, ராக்ஃபிஸ்க். வேகவைக்காமல் அப்படியே தின்பது. அதை மட்டும் இரண்டாம் வருஷம் தொடுங்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷமாக இங்கே வருகிற நம் பிள்ளைகளில் பாதிப்பேர் விமானத்தில் வருகிறார்கள், வாட்ஸ்அப் குழுவுக்குள் குடியேறுகிறார்கள். சாம்பார்ப்பொடி எங்கே, உறைந்த பரோட்டா எங்கே, இவர்கள் ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொண்டுபோய் மத்தியானம் தின்கிறார்களே பஞ்சப் பயல்கள் என்று பேச்சு. அந்த ரொட்டிப் பொதிக்கு மாத்பக்கே என்று பேர். துண்டுகள் ஒட்டாமல் இருக்க இடையில் வைப்பதற்கென்றே தனித்தாள் விற்கிறது. மந்திரி முதல் மேஸ்திரி வரைக்கும் அதைத்தான் தின்கிறார்கள், அதில் எனக்குப் பெரிய மரியாதை. எண்பதுகளில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்துச் சகோதரர்கள் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் ஐஸ் தண்ணீரில் கை விட்டு நின்றவர்கள். அவர்களில் ஒரு அக்காதான் எனக்குக் காட் மீன் தலையில் சொதி வைக்கக் கற்றுத் தந்தார். அவர்கள் ஒருநாளும் இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பழித்து நான் கேட்டதில்லை.

சிலை விஷயமும் அப்படித்தான். ஓஸ்லோவில் இறங்கி ஒருநாள் தங்கினால் விகலாண் பூங்காவுக்குப் போங்கள். குஸ்தாவ் விகலாண் என்ற ஒரே ஆள் வடித்த இருநூறுக்கும் மேற்பட்ட சிலைகள், அநேகமாக ஒன்றுக்கும் துணி கிடையாது. காலை உதைத்து அழுகிற வெண்கலப் பையன், கிழவியை அணைத்த கிழவன், நடுவில் ஒரே கருங்கல்லில் 121 உடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிற 14 மீட்டர் தூண். மூன்று கல்தச்சர்கள் 14 வருஷம் செதுக்கினார்கள். நம்மவர்கள் சிலர் அங்கே பிள்ளைகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். சுசீந்திரம் கோவில் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், மயிலாடியில் உளிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள்! அந்தத் தூணின் கீழே நின்றபோது, இதை ஒரு மயிலாடி ஆசாரி வந்து தடவிப் பார்க்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நீங்கள் கேட்காத ஒன்று. குளிரில் தள்ளுவண்டியில் குழந்தை தனியாகத் தூங்குவதைப் பார்த்தால் பதறிப்போய்த் தூக்காதீர்கள், வெளிக்காற்றில் தூங்கினால் நல்லது என்று இவர்களே அப்படி விடுவது. இன்னொன்று, செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை தினமும் ஒரு கரண்டி மீன் எண்ணெய் குடியுங்கள். வெயில் இல்லாத ஊரில் டி வைட்டமின் அதில்தான் வருகிறது. முதல் குளிர்காலம் நான் குடிக்கவில்லை, காரணமே தெரியாமல் கட்டிலை விட்டு எழ முடியாமல் கிடந்தேன். சின்ன வயசில் சுறா எண்ணெய்க்குப் பயந்து ஓடின நான் இங்கே பாட்டியம்மா முன்னால் வாயைத் திறந்து நின்றேன். ஜனவரி 21 இந்த ஊரில் சூரியன் நாள். சூரிய உருண்டை என்று ஜாம் வைத்த இனிப்பு ரொட்டி தின்பார்கள், பிள்ளைகள் மலை விளிம்பைப் பார்த்துக் காத்திருக்கும். நீங்கள் அதற்குள் வந்துவிட்டால் வீட்டுக்கு வாருங்கள், என் கணக்கில் இரண்டு உருண்டை.

மளிகை ஆறு மாதத்துக்கு வேண்டாம், குடம்புளி மட்டும் ஒரு பொதி கொண்டு வாருங்கள். மரச்சீனிக் கிழங்கு உறைய வைத்தது இங்கேயே கிடைக்கிறது.

பாட்டியம்மா இப்போது இல்லை. அந்தச் சுத்தியல் என்னிடம் இருக்கிறது. லோஃபோட்டனில் மீன் தொங்குகிற சட்டங்களை ஒருதரம் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அம்மா போனில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாம் நல்லா காஞ்சிருக்கு மக்களே, உப்பு வாங்க அவங்களுக்குக் காசு இல்லியா?" என்று கேட்டாள்.