நகலுக்குள் நான் இருப்பேனா?

கேள்வி: ஒருவருடைய மூளையில் உள்ள நினைவுகளையும் குணங்களையும் ஒன்றுவிடாமல் கணினியில் நகலெடுத்துவிட்டால், உடல் அழிந்த பின்னும் அவர் வாழ்கிறார் என்று சொல்லலாமா? சித்தர்களின் கூடுவிட்டுக் கூடு பாய்தலும் இதுவும் ஒன்றுதானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டும் ஒன்றல்ல, ஏன் ஒன்றல்ல என்று பார்ப்பதிலேயே தங்கள் முதல் கேள்விக்கும் விடை இருக்கிறது. சேக்கிழார் பாடும் திருமூலர் வரலாற்றில், சாத்தனூரில் இறந்துகிடந்த மூலன் என்னும் ஆயனைச் சூழ்ந்து பசுக்கள் கதறுவதைக் கண்டு இரங்கிய சிவயோகியார், தம் உடலைப் பாதுகாப்பாக ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலில் புகுகிறார். வரலாறு முழுவதிலும் யோகியார் ஒருவர்தான். ஓர் உடலை விட்டே இன்னோர் உடலுக்குள் வருகிறார். நகலெடுப்பதில் அப்படி விட்டு நீங்குவது எதுவுமில்லை. அசல் இருந்த இடத்திலேயே இருக்க, அதைப் போன்ற இன்னொன்று உண்டாகிறது.

ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் 1694இல், ஓர் இளவரசனின் நினைவுகளைச் சுமந்த ஆன்மா செருப்புத் தைப்பவர் ஒருவரின் உடலில் புகுந்தால் அவர் யார் என்று கேட்டு, இளவரசனே என்று விடை சொன்னார். நினைவுதான் ஆளை முடிவு செய்கிறது என்ற இந்தக் கொள்கை, புகுவது ஒருவராக இருக்கும் வரை நன்றாகவே நிற்கிறது. ஆனால் ஸ்காட்லாந்து மெய்யியலாளர் தாமஸ் ரீட், 1775இல் கேம்ஸ் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், தம் மூளையின் பொருள்களிலிருந்து இரண்டு மூன்று அறிவுள்ள உயிர்கள் ஆக்கப்பட்டால் அவை அனைத்தும் தாமேயா, அப்படியானால் அவை எல்லாம் ஒரே ஆளா என்று கேட்டார். இந்த ஐயத்தை நகல் மனத்தைப் பற்றிப் பேசும் எவரும் கடந்தாக வேண்டும்.

நகல் எடுத்த மறுகணத்தை எண்ணிப் பாருங்கள். தாங்கள் நாற்காலியை விட்டு எழுகிறீர்கள். நகலோ, தான் கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்ததாக முழுமனத்தோடு நம்பியபடி விழிக்கிறது. தங்கள் விரலில் ஊசி குத்தினால் அதற்கு வலிக்காது. இப்போது இருப்பவர்கள் இருவர். மறுநாள் தாங்கள் இறந்துபோனால் மட்டும் அது தாங்களாகிவிடுமா? ஒருவருடைய மரணம் இன்னொருவரை அவராக மாற்றும் என்று கொள்ள எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. ஆகவே, அவர் வாழ்கிறார் என்று சொல்ல முடியாது என்பதே என் விடை.

பிரித்தானிய மெய்யியலாளர் டெரக் பார்ஃபிட் 1984இல் இதை வேறு விதமாகப் பார்த்தார். ஒரே ஆளா என்பது முக்கியமன்று, நினைவும் விருப்பமும் குணமும் தொடர்வதே முக்கியம் என்றார். பாதியில் நின்ற பணியை நகல் முடித்துவைக்கும், பிள்ளைகளை அதே அன்போடு நினைக்கும் என்ற அளவில் அது மெய்யான ஆறுதலே. ஆயினும் சாவுக்கு அஞ்சுபவர் தம் பணியைப் பற்றி மட்டும் அஞ்சுவதில்லை. நாளை கண் விழிக்கப்போவது தாமா என்றே அஞ்சுகிறார். அந்த அச்சத்தைப் பார்ஃபிட்டின் விடை தீர்ப்பதாக நான் கருதவில்லை.

"ஒன்றுவிடாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். வெறும் 302 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு புழுவின் நரம்பு இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளிவந்தது. எந்த இணைப்புக்கு எவ்வளவு வலு, எந்த வேதிப்பொருள் அதை எப்போது மாற்றுகிறது என்பவற்றை வரைபடம் மட்டும் சொல்லாததால், அப்புழுவின் நடத்தையையே கணினியில் முழுமையாகக் கொண்டுவர முடியவில்லை. மனித மூளையில் இருப்பவை ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள்.

கேள்வி: நகல் அசல் ஆள் இல்லை என்றால், வேண்டாதபோது அதை அழித்துவிடலாம் அல்லவா?
– வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. அது யார் என்பது ஒரு கேள்வி. அதற்கு வலியும் ஆசையும் உண்டா என்பது வேறு கேள்வி. உண்டு என்றால், அது இன்னொருவரின் நினைவுகளோடு பிறந்த புதிய ஆள். அதை அழிப்பது கொலையாகும், அசல் உயிரோடிருப்பது அதற்குச் சமாதானம் ஆகாது. எனக்கு இதில் பெரிதாகப்படுவது வேறொன்று. தான் செய்யாத தவறுக்காக அந்த நகல் குற்ற உணர்வில் துடிக்கலாம், தன்னை மணக்காத ஒருவரின் பிரிவுக்காக ஏங்கலாம். அத்தகைய துயரத்தோடு ஓர் உயிரை உண்டாக்க நமக்கு உரிமை உண்டா என்பதை, நகலெடுக்கும் கருவி வருவதற்கு முன்பே நாம் முடிவு செய்தாக வேண்டும்.