முந்நூறு காணொளிகள், ஆறே அசைவுகள்

கேள்வி: வீட்டிலேயே செய்யும் வலுப்பயிற்சித் திட்டம் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா 5,999 ரூபாய். 300 காணொளிகள் இருப்பதாக விளம்பரம் சொல்கிறது. என்னிடம் 2 கிலோ டம்பெல் ஒரு ஜோடி உள்ளது. கொடுக்கும் காசுக்கு ஈடாகுமா, சீக்கிரம் சலித்துவிடுமா?
— வாசகி, ஈரோடு

பதில்: அந்த 300 என்ற எண்ணின் மீது எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. இத்தகைய திட்டம் ஒன்றுக்கு நானும் முழு ஆண்டுப் பணத்தைக் கட்டிவிட்டு, மூன்று வாரங்கள் ஒவ்வொரு காணொளியிலும் என்னென்ன வருகின்றன என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தேன். தலைப்புகள் நாளுக்கு நாள் மாறின. பயிற்றுநரின் பனியனும் பின்னணி இசையும் மாறின. உள்ளே இருந்தவையோ ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லஞ்ச் (ஒரு காலை முன்வைத்து முழங்கால்களை மடக்குவது), புஷ்-அப் (தண்டால்), பிளாங்க் (முழங்கைகளை ஊன்றி உடலை நேராக நிறுத்துவது), இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்துவது, டம்பெல்லை மடக்கித் தூக்குவது என்ற ஆறுதான்.

ஆறு அசைவுகள் என்பது குறையன்று, ஏனெனில் சலிப்பு மனத்துக்குத்தானே தவிரத் தசைக்கு இல்லை. குறை எங்கே என்றால், அந்த ஆறில் முதுகுக்கு வேலை தரும் இழுக்கும் பயிற்சி ஒன்றுகூட இல்லை. தொங்குவதற்கு வீட்டில் கம்பி இருக்காது என்பதால் பெரும்பாலான வீட்டுத் திட்டங்கள் முதுகை மறந்துவிடுகின்றன. ஆகவே உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்கிக் குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, தலைக்கு மேல் உயர்த்துவது, சுமந்து நடப்பது ஆகியவை எல்லாம் அட்டவணையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து, முதல் வாரத்தையும் எட்டாவது வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே பயிற்சியில் எடையோ எண்ணிக்கையோ ஏறியிருக்க வேண்டும். தினமும் புதிது புதிதாக ஏதோ ஒன்றைக் காட்டும் திட்டத்தில் உங்களுக்கு வலு கூடியதா இல்லையா என்பதை நீங்கள் அறியவே வழியில்லை.

உங்கள் 2 கிலோ டம்பெல் கால்களுக்குச் சில வாரங்களிலேயே பூவாகிவிடும். பன்னிரண்டு முறை செய்த பிறகு இன்னும் பத்து முறை எளிதாகச் செய்ய முடிகிறதென்றால் எடை போதவில்லை என்று பொருள். ஆகவே எடைகளுக்கான செலவையும் சந்தாவோடு சேர்த்தே கணக்கிடுங்கள். வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 104 நாள் செய்தால் ஒரு நாளுக்கு 58 ரூபாய். ஒன்பது நாளோடு நின்றுவிட்டால் 667 ரூபாய். எனவே விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே மூன்று திட்டங்கள் வாங்கியும் எதையும் தொடங்கவில்லை. நான்காவதாக எதை வாங்கலாம்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய '20 கிலோ' டம்பெல் செட்டை அரிசிக் கடைத் தராசில் வைத்தபோது, கம்பியையும் திருகுகளையும் சேர்த்தே 16 கிலோ 400 கிராம்தான் இருந்தது. 'சிறு வித்தியாசம் இருக்கும்' என்கிறார்கள்.
— வாசகர், மதுரை

பதில்: மூன்றரைக் கிலோவுக்கு மேல் குறைவதைச் சிறு வித்தியாசம் என்று சொல்ல மிகுந்த துணிச்சல் வேண்டும். தவறு உங்களுடையதன்று. தராசின் எண் தெரியும்படி டம்பெல்லின் ஒவ்வொரு எடைத் தட்டையும் படம் எடுத்து, விளம்பரப் பக்கத்தையும் படமாகச் சேமித்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் பயனில்லாவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் மதுரையிலேயே வழக்குத் தொடரலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நான் வாங்கிய செட்டில் எடை சரியாகவே இருந்தது, ஆனால் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது சிமெண்ட். ஒருமுறை கைதவறி விழுந்ததில் விரிசல் விட்டு, ஆறு மாதம் வீடெங்கும் தூள் கூட்டினேன். வார்ப்பிரும்பா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்றதால் அட்டை எண்ணைக் கொடுத்தேன். எட்டாம் நாள் 4,499 ரூபாய் எடுத்துவிட்டார்கள். நிபந்தனைகளைப் படிக்கவில்லை.
— வாசகி, சென்னை

பதில்: இலவசத்துக்கு அட்டை எண் எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டாமா? ஆயினும் உங்களுக்கு வழி உண்டு. தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குறுஞ்செய்தியையும் மின்னஞ்சலையும் தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் அதையே வங்கியில் புகாராக எழுதுங்கள். அதற்கு முன்பாகவே, அடுத்த தவணை போகாதபடி தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியை வங்கியில் ரத்து செய்யுங்கள். வெளியேற முடியாதபடி சிக்கவைக்கும் சந்தாவை, 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் முறையற்ற உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

கேள்வி: பணமே கட்டாமல் யூடியூபைப் பார்த்துச் செய்தால் போதாதா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒரே திட்டத்தைப் பிடித்துக்கொண்டு, செய்ததை எழுதி வைப்பவருக்குத் தாராளமாகப் போதும். நீங்கள் செய்யும் விதத்தை ஒருவர் பார்த்துத் திருத்துவதாக இருந்தால் மட்டும் காசு கொடுங்கள். இழுக்கும் பயிற்சிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் நிறைந்த மூடியுள்ள கேன் பத்துக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். குனிந்து, அதை இடுப்புவரை இழுக்கலாம். கதவு நிலையில் மாட்டும் கம்பியை வாங்குவதாக இருந்தால் நிலையின் அகலத்தையும் கனத்தையும் அளந்த பிறகு வாங்குங்கள்; அளக்காமல் வாங்கிய நான் கொத்தனாருக்கும் கூலி கொடுத்தேன்.